குறைந்த விலை லோகோ தளங்கள்: கடைசியில் கையை விட்டுப் போவது எவ்வளவு? சிறு தொழில் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கல்லிடைக்குறிச்சியில் என் மதினி அப்பளமும் வடகமும் போடுகிறார். பல வருடங்களாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துவந்தவர், பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தபோது, "தம்பி, நம்ம சரக்குக்கு ஒரு லோகோ பண்ணிக் குடுங்க" என்று என்னிடம் கேட்டார். நான் பாளையங்கோட்டையில் வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தப் பழக்கத்தில் முதலில் விலையைத்தான் பார்த்தேன். ஆன்லைன் தளம் ஒன்றில் அரை மணி நேரத்தில் லோகோ தயாரானது. இருப்பதிலேயே விலை குறைந்த பேக்கேஜை வாங்கினேன்.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத இப்படியே அடிச்சா புள்ளி புள்ளியாத் தெரியும் பாத்துக்கிடுங்க. ஓப்பன் ஃபைல் இருக்கா?" என்றார். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஃபைலைத்தான் அப்படிச் சொல்வார்கள். எங்களிடம் இல்லை. அதே தளத்தில் ஓப்பன் ஃபைல் கொடுக்கும் பேக்கேஜ் பல மடங்கு விலை. அன்றிலிருந்து இந்த லோகோவுக்காகச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஆறு மாதத்தில் அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. லோகோ வாங்கும்போது கொடுக்கும் பணம் செலவில் ஒரு பகுதிதான். மீதி ஃப்ளெக்ஸ் கடையிலும், சிவகாசி அச்சகத்திலும், கார்டு பில்லிலும், வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவிலும் ஒவ்வொன்றாக வந்து சேரும். 'டவுன்லோட்' பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அதையெல்லாம் கூட்டிப் பார்க்க முடியும். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: லோகோ எங்கெல்லாம் போகும் என்று எழுதுங்கள்

தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அடுத்த ஐந்து வருடத்தில் இந்த லோகோ எதன் மேலெல்லாம் அச்சாகும் என்று எழுதுங்கள். மதினியின் பட்டியல் இது: பாக்கெட் ஸ்டிக்கர், வாசல் போர்டு, பில் புக், ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸ்அப் படம், மஞ்சப்பை, வியாபாரம் கூடினால் சிவகாசியில் அச்சடித்த கவர். வாட்ஸ்அப் படமும் ஸ்டிக்கரும் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இலவச லோகோவே போதும், மேற்கொண்டு பணம் போட வேண்டாம். போர்டும் கவரும் பட்டியலில் இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: எந்த ஃபைல் கையில் கிடைக்கும் என்று பாருங்கள்

விலை குறைந்த பேக்கேஜில் பெரும்பாலும் பிஎன்ஜி அல்லது ஜேபெக் மட்டும் இருக்கும். இவை புள்ளிகளால் ஆன படங்கள். எஸ்விஜி, இபிஎஸ், வெக்டர் பிடிஎஃப் ஆகியவை கோடுகளால் ஆனவை, இவற்றை வெக்டர் என்பார்கள். ஸ்டாம்பு அளவிலும் அடிக்கலாம், பஸ் அளவிலும் அடிக்கலாம். கடைக்காரர்கள் 'ஓப்பன் ஃபைல்', 'கோரல் ஃபைல்' என்று கேட்பது இரண்டாவது வகையைத்தான்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 500 புள்ளி அகலமுள்ள பிஎன்ஜியை நல்ல அச்சுத் தரமான அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அடித்தால் 4 சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். விசிட்டிங் கார்டுக்குச் சரி. அதையே 8 அடி அகல போர்டில் முழு அகலத்துக்கு இழுத்தால், 2,438 மில்லிமீட்டரை 500 புள்ளிகள் பங்கு போட வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் சதுரமாகிவிடும். போர்டை எதிர்ப்புறத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்றாலும் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும்.

வெக்டர் இல்லாமல் போனால் ஃப்ளெக்ஸ் கடையில் 'ட்ரேஸ்' போடுவார்கள், அதாவது படத்தின் மேல் கோடு இழுத்துத் திரும்ப வரைவார்கள். எங்களிடம் அதற்கு 500 ரூபாய் வாங்கினார்கள். பணத்தை விட எனக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று: போர்டு கடையில் வரைந்த லோகோ ஒரு மாதிரி, ஸ்டிக்கர் கடையில் வரைந்தது இன்னொரு மாதிரி. ஒரே தொழிலுக்கு இரண்டு முகம் ஆகிவிட்டது.

இலவசமாகவே வெக்டர் எடுக்க ஒரு வழி இருக்கிறது. கேன்வா என்ற டிசைன் தளத்தில் எஸ்விஜியாக இறக்குவதும், பின்னணி இல்லாமல் இறக்குவதும் கட்டணக் கணக்குக்கு மட்டும்தான். ஆனால் இலவசக் கணக்கிலேயே 'பிடிஎஃப் பிரிண்ட்' என்று இறக்கினால், எழுத்துகளும் சாதாரண வடிவங்களும் கோடுகளாகவே வரும். அந்த பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்து எஸ்விஜியாகச் சேமித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முதல் நாளே தமிழில் எழுதிப் பாருங்கள்

நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பேன். பல வெளிநாட்டு லோகோ தளங்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. தமிழில் தட்டினால் சிலவற்றில் வெறும் கட்டம் வரும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் 'கோ' என்ற எழுத்தில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அல்லது கொம்புக்கும் காலுக்கும் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். ஃபோனிலும் இணையத்திலும் நாம் தட்டும் பொது எழுத்து முறையான யூனிகோடில் 'ஒ', 'ஓ', 'ஔ' உயிர்மெய்களின் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரல் தளத்தில் இல்லையென்றால் எழுத்து உடைந்துவிடும். இதைச் சோதிக்க 'கொழுக்கட்டை' என்ற ஒரு சொல் போதும். கொம்பு, கால், உகரம், புள்ளி, ஐகாரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அது சரியாக வந்தால் உங்கள் பெயரும் அநேகமாகச் சரியாக வரும்.

தமிழ் வராத தளத்தில் ஆங்கிலத்தில் லோகோ வாங்கிவிட்டு, கீழே தமிழ்ப் பெயரைக் கடையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். நான் அதைத்தான் செய்தேன். நம் பகுதி டிடிபி கடைகள் பலவற்றில் இன்றும் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டுகிறார்கள். அவை யூனிகோடு அல்ல. நீங்கள் ஃபோனில் அடித்து அனுப்பும் பெயரை அங்கே ஒட்டினால் குப்பையாக மாறும், அவர்கள் திரும்பத் தட்ட வேண்டும். கடைக்குக் கடை எழுத்துரு வேறு என்பதால் பெயரின் உருவமும் மாறிக்கொண்டே போகும். அப்பளத்தை எடுத்துப் பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள் முதலில் வாசிப்பது அந்தத் தமிழ்ப் பெயரைத்தான். அது கடைக்குக் கடை மாறினால் லோகோ இருந்தும் பயனில்லை.

ஆகவே தமிழ் எழுத்தை முதலில் முடிவு செய்யுங்கள், படத்தை அப்புறம் பார்க்கலாம். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர், பவனம், பலூ தம்பி, மீரா இனிமை, அனெக் தமிழ் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால் வியாபார லோகோவில் பயன்படுத்தத் தடையில்லை. இங்க்ஸ்கேப்பில் பெயரைத் தட்டி, 'பாத்' மெனுவில் உள்ள 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால் எழுத்து கோடாக மாறிவிடும். கடைக்காரர்கள் 'கர்வ் பண்ணிக் குடுங்க' என்பது இதைத்தான். அதன்பிறகு எந்தக் கடையில் எந்த எழுத்துரு இருந்தாலும் உங்கள் பெயர் மாறாது.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் படம் வரைந்து வாங்குபவர்களும் உண்டு. யோசனை எடுக்க நல்லது. தமிழ் எழுத்தை மட்டும் அவற்றிடம் விடாதீர்கள். தமிழ் போலவே இருக்கும், வாசித்தால் பல நேரம் எழுத்து தவறியிருக்கும். வருவதும் பொதுவாகப் புள்ளிப் படம்தான்.

நான்காம் படி: நிறங்களை எண்ணுங்கள்

திரையில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறும் லோகோ அழகாகத்தான் இருக்கும். ஃப்ளெக்ஸிலும் டிஜிட்டல் ஸ்டிக்கரிலும் நிறம் எத்தனை என்பது பொருட்டே இல்லை, சதுர அடிக்கோ தாளுக்கோதான் விலை. ஆனால் மஞ்சப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். சிவகாசியில் பிளாஸ்டிக் கவர் கிராவூர் முறையில் அடிக்கும்போது ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை. சிலிண்டர் செய்யும் செலவு முழுக்க நம் தலையில்தான். நிறம் நிறமாகக் கரையும் லோகோவுக்குப் பொதுவாக நான்கு சிலிண்டர் வரை ஆகலாம். இரண்டு அடர்நிறத்தில் உள்ள லோகோவுக்கு இரண்டு போதும். அந்த ஒரு வித்தியாசமே, எந்தத் தளத்தில் வாங்கினோம் என்பதால் வரும் வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

லோகோவைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பில் மெஷினுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் ஒரே நிறம்தான். கறுப்பில் அடையாளம் தெரியாத லோகோவை வாங்காதீர்கள். திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் அச்சு மையில் மங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மஞ்சள் துணியில் மஞ்சள் லோகோ காணாமல் போகும்.

ஐந்தாம் படி: டாலரை ரூபாயாக்குங்கள், முழுசாக

தளத்தில் தெரியும் எண் நீங்கள் கொடுக்கப்போகும் எண் அல்ல. வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் டிஜிட்டல் சேவை விற்றால் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி எண் இல்லாதவரிடம் தளமே வசூலித்துக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ளவர் 'ரிவர்ஸ் சார்ஜ்' முறையில் தானே கட்ட வேண்டும். சாதாரண முறையில் இருப்பவர் அதை வரவு எடுக்கலாம், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் எடுக்க முடியாது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் வியாபாரிகளில் இந்த ரிவர்ஸ் சார்ஜைச் சொல்லாமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். பில்லைக் கொண்டுவந்து காட்டினால் சின்ன வேலை, விட்டுவிட்டால் பின்னால் வட்டியோடு வரும்.

அதற்கு மேல் கார்டு நிறுவனம் அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுக்கும். பல கார்டுகளில் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி.

லூகா தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு பிஎன்ஜி 20 டாலர், வெக்டரோடு கூடிய பேக்கேஜ் 65 டாலர் என்பதுதான் அங்கே நெடுநாளாக உள்ள விலை. வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

20 டாலர்: 1,800 ரூபாய். வரி 324. கார்டு கட்டணமும் அதன் வரியும் சுமார் 88. மொத்தம் சுமார் 2,210.

65 டாலர்: 5,850 ரூபாய். வரி 1,053. கார்டு கட்டணமும் அதன் வரியும் சுமார் 285. மொத்தம் சுமார் 7,190.

இன்னொன்று: டெபிட் கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பணம் போகவில்லை என்றால் பதற வேண்டாம். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கி ஆப்பில் திறந்து, வாங்கி முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள்.

ஆறாம் படி: ஒருமுறைக் கட்டணமா, சந்தாவா

'மாதம் இவ்வளவுதான்' என்று போட்டிருந்தால் உடனே அறுபதால் பெருக்குங்கள், ஐந்து வருடக் கணக்கு வந்துவிடும். வருடச் சந்தா 4,000 ரூபாய் என்றால் 20,000. தீபாவளி போஸ்டர், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று வாரம் ஒன்று செய்பவருக்கு அது நியாயமான செலவு. லோகோ ஒன்றுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

இலவசச் சோதனைக்குக் கார்டு எண் கொடுத்தால் முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது விதி. ஆனால் 15,000 ரூபாய் வரை அதன்பிறகு ஓடிபி கேட்காமலே எடுக்கலாம். அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்கத் தவறினால் போனது போனதுதான்.

ஏழாம் படி: அந்த லோகோ யாருடையது?

வாங்கி இரண்டு மாதம் கழித்து மதினி அம்பாசமுத்திரம் போயிருந்தார். அங்கே ஒரு மாவு மில் பலகையில், வட்டத்துக்குள் நெற்கதிர். எங்கள் லோகோவில் இருந்த அதே வட்டம், அதே கதிர். "நம்ம லோகோவ அவிய எடுத்துக்கிட்டாவளா தம்பி?" என்று ஃபோனில் கேட்டார். மில்காரர் எதையும் எடுக்கவில்லை. தளம் அந்தப் படத்தை எனக்கு விற்றது போலவே பிறருக்கும் விற்கும். உரிம விதிகளில் அது எழுதியிருந்தது, நான் வாசிக்கவில்லை.

வாங்குவதற்கு முன் விதிகளில் பிரத்தியேக உரிமை உண்டா என்று தேடுங்கள். கேன்வா தன் விதிகளிலேயே தெளிவாகச் சொல்கிறது: அதன் டெம்ப்ளேட்டும் அது தரும் தயார்ப் படங்களும் வைத்துச் செய்த லோகோவில் பிரத்தியேக உரிமை கிடையாது, அதை வணிகக்குறியாகப் பதிய முடியாது. எழுத்தும் கோடும் வட்டமும் சதுரமும் வைத்து நீங்களே செய்தது என்றால் பிரச்சினை இல்லை. தேர்ந்தெடுத்த படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், இன்னும் எத்தனை கடைகளில் அது தொங்குகிறது என்று ஓரளவு தெரியும்.

பதிவுச் செலவு எந்தத் தளத்தில் வாங்கினாலும் ஒன்றுதான். இணையம் வழியாக விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு பொருள் வகைக்கு) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்ட, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு போதும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை, பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். அல்வா போன்ற இனிப்புகளுக்கு 30-வது வகுப்பு, பாய்க்கு 27, ஓட்டலுக்கு 43. பதிவு 10 வருடம் செல்லும். விண்ணப்பத்துக்கு முன் அரசு அறிவுசார் சொத்துத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். விண்ணப்பம் அரசின் வணிகக்குறி இதழில் வெளியான பிறகு நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பிறரும் பயன்படுத்தும் படத்தை வைத்து விண்ணப்பித்தால் அந்த 4,500 வீணாகும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, பெயரை மட்டும் சொற்குறியாகப் பதிவது. அது எந்த எழுத்து வடிவில் எழுதினாலும் பெயரைக் காக்கும். படத்தை நாளைக்கு மாற்றினாலும் பதிவு நிற்கும். தமிழில் உள்ள பெயர் என்றால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பெயர் உங்களுக்கே உரியதாக இருக்க வேண்டும். 'திருநெல்வேலி அல்வா', 'கல்லிடைக்குறிச்சி அப்பளம்' என்று ஊரும் பொருளும் மட்டும் சேர்ந்த பெயர் தனியொருவருக்குக் கிடைக்காது. பத்தமடைப் பாய் போலப் புவிசார் குறியீடு பெற்ற பெயரையும் வணிகக்குறியாகப் பதிய முடியாது. மதினி தன் ஆச்சியின் பெயரை வைத்தார்.

லோகோவின் ஓரத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட ஆசை வரும். பதிவு முடியும் முன் அதை அச்சடிப்பது வணிகக்குறிச் சட்டத்தின் 107-வது பிரிவுக்கு எதிரானது. அதுவரை 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம்.

எட்டாம் படி: உள்ளூர் ஓவியரையும் கணக்கில் சேருங்கள்

ஆன்லைன் விலையைப் பார்த்தவர்கள் நம் ஊரில் டிசைன் செய்பவர்களைக் கேட்பதே இல்லை. மதினிக்கு வரைந்து கொடுக்க டவுனில் ஒரு தம்பி கேட்டது 3,500 ரூபாய். தமிழ் எழுத்தைக் கையால் எழுதி, வெக்டராக்கி, ஒரு நிறத்திலும் இரண்டு நிறத்திலும் தருவதாகச் சொன்னார். 7,190-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. நாம் பணம் கொடுத்தாலும், வெளியாள் வரைந்த லோகோவின் பதிப்புரிமை எழுதி வாங்காத வரை பொதுவாக வரைந்தவருக்கே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு அப்பளம் அனுப்பும் எண்ணம் இருந்தால் 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: ஐந்து வருடக் கணக்கை ஒரே தாளில்

எங்கள் தேவைக்கு இப்படி வந்தது. பிஎன்ஜி மட்டும் வாங்கும் வழி: 2,210, அதோடு இரண்டு கடையில் ட்ரேஸ் 1,000, ஆக 3,210, தமிழ் எழுத்து ஒழுங்காக இல்லை, படம் பொதுவானது. வெக்டர் பேக்கேஜ்: 7,190, படம் அப்போதும் பொதுவானதுதான். சந்தா வழி: 20,000. உள்ளூர் ஓவியர்: 3,500, உரிமையோடு. இங்க்ஸ்கேப்பில் நாமே செய்வது: பணம் இல்லை, நான்கு ராத்திரி வேலை. இவை எல்லாவற்றிலும் பெயர்ப் பதிவு 4,500 பொது.

உங்கள் தாளில் எண்கள் வேறாக வரும். ஓட்டல் வைப்பவருக்கு போர்டு பெரிது, கவர் இல்லை. வீட்டிலிருந்து சுடிதார் தைப்பவருக்கு லேபிள் மட்டும்தான். நாங்கள் டவுன் தம்பியிடம் போனோம்.

பத்தாம் படி: அச்சுக்கு முன் புரூஃப்

எஸ்விஜி, பிடிஎஃப், பின்னணி இல்லாத பெரிய பிஎன்ஜி, ஒரு நிறப் பிரதி, அச்சு மைக் கலவையைச் சொல்லும் சிஎம்ஒய்கே எண்கள், உரிமைக் கடிதம், பில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். கடைக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

அப்புறம் எதில் அச்சாகுமோ அதிலேயே, அதே அளவில் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, கேளுங்கள். எங்களுக்கு முதல் ரப்பர் ஸ்டாம்பு வந்தபோது மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "தம்பி, ப்-க்கு மேல புள்ளியக் காணும்" என்றார். அந்தச் சின்ன அளவில் புள்ளி மையில் கரைந்து, 'அப்பளம்' என்பது 'அபபளம்' ஆகியிருந்தது. டவுன் தம்பி சிறிய அளவுக்கென்று புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று விலக்கி இன்னொரு பிரதி செய்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கருக்குச் சம்மதம் சொன்னோம்.